பின் சக்கரத்து மண்

ஓரெஸ்ட்,

பீட்ரூட் சூப் அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்கோ. நான் பஸ்ல வேலைக்குப் போறேன்.

"வேகம் நூறைத் தாண்டினா வண்டி நடுங்குதே, அது செத்துப்போன நம்ம பொண்ணு டாரியாதான். ரிப்பேர் பண்ணாதே"ன்னு நேத்து நீ சொன்னப்போ, எழுந்து போயிட்டேன். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நானும் அதை நம்பிடுவேனோன்னுதான் பயம்.

காலையில ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் ஆடலை, சீட்டுதான் அதிர்ந்துச்சு. அப்போ கோளாறு பின்னாடின்னு சக்கரத்தைக் கழட்டினேன். வலது சக்கரத்தோட உள்பக்கம் கறுப்பு மண் அப்பி, கல்லா இறுகிக் கிடந்துச்சு. நடுவுல கோரைப்புல். ஏப்ரல் பனிப்புயல்ல வண்டி சிக்கின பள்ளத்து மண்ணு. வெளியே வர நம்ம பொண்ணு எவ்வளவு போராடியிருக்கா! முடியாமதான் இறங்கி நடந்து, பனியில விறைச்சுச் செத்திருக்கா.

சுரண்டி எடுத்துட்டு மறுபடி ஓட்டினேன். நூத்திப்பத்துலயும் நடுங்கலை. அதுக்கு மேல ஓட்ட முடியாம ஓரமா நிறுத்திட்டேன். அவ அங்க இல்லைன்னு தெரிஞ்சிடுமோன்னு, பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரலை.

– ஹால்யா

மண்ணைக் கொட்டலை. காபி டப்பாவுல போட்டு ஜன்னல்கிட்ட வச்சிருக்கேன்.

சாவி ஆணியில இருக்கு. ஆனா தனியா எடுத்துட்டுப் போகாதே. வண்டி இப்போ ரொம்ப அமைதியா ஓடுது, உன்னால தாங்க முடியாது. நான் வந்ததும் சேர்ந்து போலாம்.