பாலத்து வரிசையில் எனக்கு வந்தது

பீஸெர்த்,
வியாழக்கிழமை

அன்பு மகள் ஒல்ஃபாவுக்கு அம்மா எழுதுவது. இது உன் கைக்கு வந்து சேரும்போது நீ வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவளாக இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். நீ நம்ப மாட்டாய், தெரியும். உன் அத்தை லத்தீஃபா முந்திக்கொண்டு "உங்கம்மாவுக்கு மாரடைப்பு, கார்லயே சாஞ்சுட்டா" என்று உனக்குப் போன் போட்டுவிட்டாளாம். மாரடைப்பும் இல்லை, சாயவும் இல்லை. நடந்தும் மாதங்கள் ஆகிவிட்டன, ஆனால் சின்ன விஷயமும் இல்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே நூறு கேள்வி கேட்பாய், எனக்குப் பேச்சு தடம் மாறிவிடும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றா சொன்னேன், இதற்குள் எழுந்து போய் அடுப்பை ஒருமுறையும் வாசல் கதவை ஒருமுறையும் பார்த்துவிட்டு வந்தாயிற்று. மேல்வீட்டில் வேறு காலையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னிடம் கார் ஓட்டக் கற்க வரும் பஷீரை உனக்குத் தெரியாது. சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவிக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியவில்லை என்பதால் இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்திருக்கிறார். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனால் வாய்க்கு வாய் டீச்சரம்மாதான். நான் சொல்லாமல் கண்ணாடியைக்கூடத் துடைக்க மாட்டார். கோடை முடிகிற சமயம், அவரை ஸர்ஸூனா பக்கம் ஓட்டவிட்டுத் திரும்பும்போது கப்பல் வருகிறதென்று பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது, முன்னால் ஒரு லாரி, பின்னால் ஆள் நிறைந்த ஒரு லுவாஜ் வாடகை வேன். முப்பது வருஷமாக நான் காத்து நின்ற அதே வரிசைதான். யாரும் திட்டவில்லை, யாரும் இடிக்கவில்லை, மனதில் ஒரு கவலையும் ஓடவில்லை. திடீரென்று நெஞ்சு தொண்டைக்கு ஏறி அடிக்க ஆரம்பித்தது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவே இல்லை. விரலெல்லாம் மரத்துப்போய், கண்ணாடிக்கு வெளியே இருந்த உலகம் யாரோ பார்க்கிற படம் மாதிரி தூரமாகிவிட்டது. சாகப்போகிறேன் என்றுகூட இல்லை மகளே, செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே தெரிந்தது.

"டீச்சரம்மா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றார் பஷீர். ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்தான் எனக்கு வந்தது. கட்டை தூக்கினார்கள். அந்த மனிதர் என் பேச்சில்லாமல் ஒரு அடி ஓட்டியவரில்லை, என் காலோ என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்க வராமல் கல்லாகிக் கிடக்கிறது. என்ன செய்தார் தெரியுமா, எனக்குப் பதிலாகத் தானே தன்னை அதட்டிக்கொண்டு ஓட்டினார். "பஷீர், கிளச்ச மிதி. பஷீர், கண்ணாடியப் பாரு. பஷீர், இது கல்யாண ஊர்வலம் இல்ல, கொஞ்சம் நகரு." பின்னாலிருந்த லுவாஜ்காரன் விடாமல் ஹாரன் அடித்து, "என்ன பெருசு, பாலத்தக் குத்தகைக்கு எடுத்துட்டியா?" என்று கத்தினான். இவர் தலையை வெளியே நீட்டி, "உள்ள டீச்சர் செத்துக்கிட்டிருக்காங்கடா, நிறுத்துடா சத்தத்த!" என்றார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அதற்குள் எல்லாம் தானாக இறங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது. டாக்டர் பையன், "அம்மா, உங்க இதயம் என்னோடத விட நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றான். உன் அப்பா அப்படியே மகிழ்ந்துபோய் வழியில் இனிப்பு வாங்கிவந்தார். ஒன்றுமில்லை என்றால் எனக்கு வந்தது என்ன? அதை யாரும் சொல்லவில்லை. மறுவாரம் மீன் சந்தையில் வந்தது, பிறகு குளிக்கும்போது வந்தது. வராத நாளில் வந்துவிடுமோ என்ற பயம் வந்தது. முதலில் பாலத்தை விட்டேன், பிறகு சந்தையை விட்டேன், கடைசியில் வண்டி பழுது என்று பழகுபவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன். லத்தீஃபா கண் பட்டுவிட்டது என்று காய்ந்த மீன்வாலைக் கார் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டு, எனக்கு இருமல் வரும்வரை சாம்பிராணி போட்டாள். உன் அப்பா பாவம், "மனச இறுக்கிப் பிடிச்சுக்கோ வஸீலா" என்பார். "மனசு என்ன ஹாண்ட்பிரேக்கா, இழுத்துப் பிடிக்க?" என்று நான் எரிந்து விழுவேன்.

நம் குடும்ப டாக்டர் தைராய்டு வரை சோதித்துப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? ஊருக்கு என்ன சொல்றது?" என்றாள் உன் அத்தை. ஊருக்கு ஒன்றும் சொல்லாமல் போனேன். மாயிஸா என்று உன் வயதுப் பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. "கார்ல அலாரம் இருக்குல்லம்மா, பூனை குதிச்சாலும் அலறும். திருடன் இல்ல, ஆனா சத்தம் நிஜம்" என்றாள். நெஞ்சு அடிப்பதும் கை மரப்பதும் ஓடத் தயாராகும் உடம்பின் வேலையாம். உச்சிக்குப் போய்ச் சில நிமிடத்தில் தானே இறங்கிவிடுமாம், அதனால் யாரும் சாவதில்லையாம். நான் ஒவ்வொரு இடத்தையும் விட்டு ஓடியதுதான் அதற்குத் தீனி, தப்பித்தோம் என்று நினைக்கும்போதெல்லாம் அங்கே உண்மையிலேயே ஆபத்து இருந்தது என்று உடம்பு கற்றுக்கொள்கிறதாம். அதோடு விட்டாளா, அறைக்குள்ளேயே என்னை வேகவேகமாக மூச்சுவிடச் சொன்னாள். தலை சுற்றி, விரல் மரத்து, அதே மரணம் அவள் நாற்காலியிலேயே வந்து நின்றது. "பாத்தீங்களா, நாமளே வரவச்சோம், இப்ப போகும், சும்மா இருங்க" என்றாள். போயிற்று. கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. தினம் ஒரு மாத்திரையும் கொடுத்தாள். தொடக்கத்தில் அது படபடப்பைக் கூட்டிற்று, சொல்லித்தான் கொடுத்திருந்தாள், சில வாரம் பொறுத்த பிறகே கேட்டது. அவளைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.

அப்புறம் பாலம். முதலில் உன் அப்பாவோடு அதன் ஓரம்வரை நடந்தேன், திரும்பினேன். பிறகு அவர் ஓட்ட நான் பக்கத்தில். பிறகு நானே ஓட்டினேன். ஒருநாள் காலை பஷீரை ஓட்டவிட்டுப் போகையில் மறுபடியும் சங்கு ஊதி, கட்டை இறங்கி, முன்னும் பின்னும் வண்டி. அது வந்தது ஒல்ஃபா, துளிகூடக் குறையாமல் வந்தது. "இறங்கிடலாமா டீச்சரம்மா?" என்றார். வேண்டாம், இருங்கள் என்றேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டேன். கை மரத்தால் மரக்கட்டும் என்று மடியில் போட்டு வைத்தேன். பஷீர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் இருந்தார், அது இன்னும் பயமாக இருந்தது. கப்பல் போய் முடிவதற்குள் என் நெஞ்சு இறங்கிவிட்டது. நான் விம்மி அழுதேன். அவர், "டீச்சரம்மா, அழுவுங்க, பரவாயில்ல, ஆனா முன்னாடி வண்டி நகருது, எந்த கியர்?" என்றார். இப்போதும் எப்போதாவது வருகிறது. வந்துவிட்டுப் போகிறது. வேலைக்குப் போகிறேன், காப்பியை நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறைத்துவிட்டேன். பஷீர் ஓட்டுநர் தேர்வில் தோற்று, மறுபடி ஓட்டிக் காட்டப் போகிறார்.

இவ்வளவும் என்னைப் பற்றிச் சொல்ல மட்டும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. அங்கே நாந்த் ஊர் மழையில் வேலைக்கு நடந்தே போகிறேன், டிராமில் கூட்டம், நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாய். சினிமாவுக்குப் போனால் கதவோரம்தான் பிடிக்கிறது என்றாய். பாதியில் எழுந்து வந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். கண்ணே, நான் பாலத்தை விட்டபோது பெட்ரோல் மிச்சம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். என் நினைப்பு தவறாக இருந்தால் என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தவறில்லை என்றால் தள்ளிப்போடாமல் அங்கே ஒரு டாக்டரைப் பார், நடந்ததை வெட்கப்படாமல் அப்படியே சொல். என் மாத்திரையைக் கேட்காதே, உனக்கு எது வேண்டும் என்று அவர்கள் பார்க்கட்டும். வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவதாகச் சொன்னாயே, அந்த ஒரு பேச்சில்தான் என் தூக்கம் கெட்டது. என்மேல் ஆசையாக இருந்தால் ஓடி வா, கதவு திறந்தே இருக்கும். டிராமுக்குப் பயந்து மட்டும் வராதே.

அல்லாஹ் உன் நெஞ்சை விசாலமாக்கட்டும், உன் வழியை லேசாக்கட்டும். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், லத்தீஃபா மீன்வால் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள். டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்று எனக்குச் சொல்ல மறக்காதே. வசந்தத்தில் நான் அங்கே வருவதாக முடிவு செய்துவிட்டேன், விமானத்தை நினைத்து இப்போதே உள்ளங்கை வேர்க்கிறது, வேர்த்துக்கொண்டே வருகிறேன். வந்ததும் நாம் இருவரும் அந்த டிராமில் ஏறி, கதவை விட்டுத் தள்ளி, நடுவில் போய் நிற்போம்.

இப்படிக்கு,
உன்னைப் போலவே கதவோரம் தேடிய
அம்மா வஸீலா