பச்சைக் காரைத் துடைத்தவன்

மாப்ளே,

நேற்றுக் காலையில் மருமகளிடம் கத்திவிட்டேன். அவள் செய்தது பெரிய குற்றமில்லை. நகத்தில் பூசியிருந்த சாயத்தை ஏதோ ஒரு திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த பஞ்சை டி.வி. ரிமோட்டின் மேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த வாடை என் மூக்கில் ஏறியதுதான் தெரியும். "எடு, எடு, உருகிப்போகும்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் ரிமோட்டின் முதுகு பொரிந்துபோயிருந்தது. "இதுக்கா மாமா இப்படிப் பதறுறீங்க? வேற வாங்கிக்கலாம்" என்றாள். வேறு வாங்க முடியாத ஒன்றை நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் உருக்கினேன் என்று அவளிடம் எங்கே போய் ஆரம்பிப்பது? உன்னிடம் என்றால் ஆரம்பிக்கவே வேண்டியதில்லை. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

எழுபதுகளின் கடைசி. போடியில் உன் ஜீப்பு பெயின்ட் பட்டறையும் என் மோட்டார் காயில் கட்டும் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு தட்டிதான். நீ ஜீப்பின் பக்கவாட்டில் கோடு இழுக்கும்போது கோடு முடியும்வரை மூச்சு விடமாட்டாய். போனட்டிலிருந்து பின்கதவு வரைக்கும் என்றால் முகம் சிவந்து கண் பிதுங்கிவிடும். "செத்துக்கித்துத் தொலையாதடா" என்று நான் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன். எனக்கும் ஒரு கோளாறு உண்டு. காயில் சுற்றும்போது சுற்றுகளை மனதுக்குள் எண்ணுவேன். அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் "ம்" என்பேன். ஒன்றும் காதில் ஏறாது. வீடு தீப்பிடித்தது என்றாலும் "ம்"தான்.

அப்படியிருக்கும்போதுதான் ஏலக்காய் முதலாளி அந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து உன் பட்டறையில் இறக்கினார். போடிமெட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் வாலிபத்தில் கிளார்க்காக இருந்தவர் அவர். துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போனபோது பங்களாச் சாமான்களோடு அந்தப் பெட்டியையும் இவர் வாங்கியிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பரணில் கிடந்ததாம். திறந்ததும் ஏலக்காய் வாசமும் பூசண வாடையும் சேர்ந்து வந்தன. உள்ளே கறுப்புத் தகடுகள், வளைவும் நேருமாக. ஒன்றோடொன்று கோத்தால் ஒரு ரோடு. ரோட்டில் இரண்டு பள்ளக் கோடுகள், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இருபுறமும் இரும்புப் பட்டை. காருக்கு அடியில் ஒரு முளை. அது பள்ளத்தில் உட்காரும், பட்டையிலிருந்து கரண்டு ஏறும், கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் கார் ஓடும். வளைவில் கூடுதலாக அழுத்தினால் தெறித்து வெளியே விழும். உள்ளங்கை நீளத்தில் நான்கு கார்கள் இருந்தன. சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை.

முதலாளி அந்தப் பச்சையைத்தான் கையில் எடுத்தார். மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலை நடக்காத நாளில் துரை அவரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துப் பந்தயம் விடுவாராம். இவருக்குச் சிவப்பு. துரைக்கு எப்போதும் பச்சை.

"பச்சைய ஒருநாளும் தொடவிட மாட்டாருய்யா. தொடச்சு வைக்கிறதுகூட அவருதான். இத ஓட்டிப் பாக்கணும். ஒரே ஒரு தரம். அதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றார் முதலாளி. பத்து ஜீப்புக்குச் சொந்தக்காரர், கடையில் குரல் உயர்த்தினால் தெருவே அடங்கும். அவர் அன்றைக்குக் கேட்ட விதத்தைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வேலை நடந்தது. ஓடாத மோட்டார்களை நான் பிரித்துப் பழைய ரேடியோவிலிருந்து உருவிய, முடிபோல் மெல்லிய கம்பியால் மறுபடி சுற்றினேன். பட்டையிலிருந்து துருவை மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டு எடுத்தோம். காய்ந்து வெடித்த டயருக்குப் பதிலாக ரப்பர் குழாயை வளையம் வளையமாக அறுத்து மாட்டினேன். கரண்டுக்கு ஜீப்பு பேட்டரி. முதல் நாள் சிவப்புக் கார் ஓடியபோது நீ, "போடிமெட்டு வளைவுல எவன்டா இப்படி மிதிப்பான், நிப்பாட்டுடா!" என்று அலறினாய். கார் தெறித்து உன் பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்தது.

வெளுத்துத் திட்டுத் திட்டாகப் போயிருந்த உடம்புகளுக்கு வர்ணம் கொடுப்பது உன் பங்கு. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்த பெயின்டை ஏழெட்டுத் தடவை பூசினாய். ஜீப்புக்குக் கோடு இழுப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு வட்டத்துக்குள் எண் எழுதினாய். மூன்று கார்கள் முடிந்தன. பச்சையைக் கடைசிக்கு வைத்திருந்தாய்.

அந்த நாட்களில்தான் எனக்கு ராசிங்காபுரத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா முதலாளியின் தோட்டத்தில் மேஸ்திரி. முதலாளி 'பையன் நல்லவன், கை சுத்தம்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. திங்கட்கிழமை தானே நேரில் போய்ப் பேசுவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு சாயங்காலம் கார்களைப் பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிறு காலையில் குரங்கணியிலிருந்து ஆள் வந்து உன்னைக் கூட்டிப் போனது. புது ஜீப்புக்கு அவசரமாக எண் எழுத வேண்டுமாம். உனக்கு உதவி செய்வோம் என்று எனக்கு ஆசை வந்தது. அதுதான் வினை. உன் பட்டறையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். எந்த வண்டியானாலும் பெயின்ட் அடிக்குமுன் தின்னரில் நனைத்த கழிவுப் பஞ்சால் உடம்பு முழுவதும் துடைப்பாய். எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் பெயின்ட் பிடிக்கும் என்பாய். நானும் அப்படியே நனைத்தேன். பச்சைக் காரை எடுத்து அழுத்தித் துடைத்தேன்.

முதலில் பளபளவென்று வந்தது. எனக்குச் சந்தோஷம். பிறகு பிசுபிசுத்தது. காரின் பக்கவாட்டில் எழுதியிருந்த துரையின் ஏழாம் எண் பஞ்சோடு வந்தது. பயந்துபோய் இறுக்கிப் பிடித்தேன், கூரைக்குள் என் கட்டைவிரல் இறங்கியது. ஜன்னல் கம்பிகள் சாய்ந்தன. கீழே வைத்தேன். வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

நாலு மணிக்கு நீ வந்தாய். பார்த்தாய். திட்டுவாய் என்று நின்றேன்.

"தின்னர் காட்டாதடா, இது தகரம் இல்ல, பிளாஸ்டிக்குன்னு சொன்னேனே மாப்ளே."

"எப்படா சொன்ன?"

"போன வாரம். நீ சுத்து எண்ணிக்கிட்டு இருந்தப்ப. 'ம்'முன்னு சொன்னியே!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தெருமுனையில் முதலாளியின் ஜீப்புச் சத்தம் கேட்டதும் நின்றது. நீ உப்புத்தாளை எடுத்துக் கூரையில் பதிந்திருந்த என் விரல் தடத்தைத் தேய்த்து எடுத்தாய்.

"வெரசா உன் கடைக்குப் போ. நான் சொல்லிக்கிறேன்."

"நான்தான்னு சொல்லிர்றேன்டா."

"நாளைக்கு முதலாளி ராசிங்காபுரம் போறாக. இன்னைக்கு இதச் சொல்லி வச்சீன்னா அங்க போயி உன்னையப் பத்தி என்னத்தப் பேசுவாக? எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. என் பொண்டாட்டி இனிமே எங்க போயிரப் போறா? போடா."

போனேன் மாப்ளே. ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாமல் போனேன். தட்டிக்கு இந்தப் பக்கம் மோட்டார்களுக்கு நடுவே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒரு தரம்தான்யா ஓட்டிப் பாக்கணும்னு நெனச்சேன்" என்றார். "என் கைத் தப்பு முதலாளி" என்றாய் நீ. உன் குரல் நடுங்கியது. பொய் சொல்வதற்கு நடுங்கியதா, அவர் முகத்தைப் பார்த்து நடுங்கியதா, நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலைக்குள் அவருடைய டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். துரை காரை மெழுகாட்டம் உருக்கிய பெயின்டர். அத்தோடு உன் சொந்தப் பெயர் போனது. 'மெழுகு' வந்தது. முதலாளியின் ஜீப்புகள் வேறு பட்டறைக்குப் போயின. நீ கல்யாணமுருங்கைக் கட்டையில் ஒரு கார் செதுக்கி, பச்சை பூசி, ஏழு எழுதி, அதே மோட்டாரை மாட்டி எடுத்துப்போனாய். அவர் ஓட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா இது அது இல்லய்யா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் கல்யாணம் நடந்தது. பந்தலில் நீ தண்ணீர் சுமந்துகொண்டு அலைந்தபோது, "மெழுகு, வெயில்ல நிக்காதப்பு, கரைஞ்சுருவ" என்று ஒருவன் சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் மாலையோடு தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி காலமானார். அன்றைக்கு உன்னிடம், "இனியாவது ஊருக்குச் சொல்லிர்றேன்" என்றேன். "யாருகிட்டப் போயிச் சொல்லப் போற? ஜீப்பு பெயின்டர் இந்த ஊர்ல நாலு பேரு இருக்கான். மெழுகு நான் ஒருத்தன்தான். சோலியப் பாரு" என்றாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. நீ பெரிய மனதோடு ஒவ்வொரு தடவையும் தடுத்துவிட்டாய், நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நீ மறிக்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

போன ஆவணியில் நீ போனாய். பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். உன் பெயரைச் சின்னதாகப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 'மெழுகு' என்று பெரிதாக. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அடுத்த வருசம் திதிக்கு அடிக்கிற போஸ்டர்ல அந்தப் பேரு வேண்டாம்ப்பா" என்றேன்.

"அது இல்லேன்னா அப்பாவ யாருக்கும் தெரியாது மாமா" என்றான். பிறகு மெதுவாக, "பள்ளிக்கூடத்துல என்னைய 'மெழுகு மகன்'னுதான் கூப்பிடுவாங்க. அழுதுக்கிட்டு வருவேன். இவரு அன்னைக்கு அந்த ஒரு வேலையக் கவனமாச் செஞ்சிருக்கலாம்லன்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன் மாமா" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். தின்னர், கட்டைவிரல், உப்புத்தாள், ராசிங்காபுரம், ஒன்று விடாமல். அவன் கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"செத்தவருக்காக அவரு தப்பத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே மாமா. இப்படி ஒரு சிநேகிதம் யாருக்குக் கெடைக்கும்?"

"இல்லடா, நெசமாத்தான் சொல்றேன். நான்தான்டா தொடச்சேன்."

"சரி மாமா. நீங்க அழுகாதீங்க. காப்பி கொண்டாரச் சொல்றேன்."

உள்ளே போய்த் தன் அம்மாவிடம், உன் வீட்டுத் தங்கச்சியிடம், சொன்னான். அவள் சொந்தக்காரர்களிடம் சொன்னாள். இரண்டே நாளில் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது, பழியைத் தன்மேல் இழுத்துப்போட்டுக்கொண்ட பெரிய மனுசன் என்று. நான் மறுக்க மறுக்க என் மரியாதை கூடிக்கொண்டே போகிறது. நான் சொல்வதை நம்ப இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவனைத்தான் ஆவணியில் தூக்கிக்கொண்டு போனோம்.

இப்போதெல்லாம் வழியில் என்னைக் கண்டால் உன் மகன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, என் காலைத் தொடுகிறான். உன் காலை அவன் அப்படித் தொட்டு நான் பார்த்ததே இல்லை, மாப்ளே.