வாப்பா கழுவிய கண்ணாடி

தாராவி

அன்பு மகள் சாயிமாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், நீ அந்த ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். தமிழ் வாசிக்க உனக்கு நேரமாகும், எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி, போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும்.

முதலில் ஒரு சமாச்சாரம், கோபப்படாதே. போன லீவில் நீ உன் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தது என்று தந்துவிட்டுப் போன தங்கம் பூசிய சின்னக் கண்ணாடித் துண்டை ஷோகேஸில் வைத்திருந்தோமா, பெருநாளைக்கு முன்னால் வீட்டு நகைகளை வாப்பா பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்ப்பாரே, இந்த வருஷம் அதையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ஒரே தேய்ப்பில் பூச்சு முழுக்கப் போய்விட்டது. அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தங்கத்தைத் தேடினார் மனுஷன். தங்கம்னா கழுவத்தானே செய்யணும், அவ ஒண்ணும் சொல்லலியே என்று என்னிடம் சண்டை. பாவம், அன்றைக்குக் கார்கானா வேலைக்குக்கூடப் போகவில்லை.

பூச்சு போவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியை நான் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். கையில் மஞ்சளாயிருப்பது வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும். உன் தம்பி ராஹில் பச்சை மிட்டாய்த் தாளைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து, அக்கா, நம்ம கல்லி முழுக்க மரமாயிட்டு என்று கத்துவானே, அதுதான் ஞாபகம் வரும். நீ தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாய். அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, அது டெங்கு என்று ரிப்போர்ட் வந்தபோது அவன் நம்மிடம் இல்லை.

கிருமி வந்து தங்கத்தில் ஒட்டினால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மாறும், ஒரு சொட்டு ரத்தத்தில் அங்கேயே தெரிந்துவிடும் என்று சொல்லித்தான் போனாய். இப்போது ரத்தத்தில் உள்ள மற்றதெல்லாம் முந்திக்கொண்டு ஒட்டிவிடுகிறது, விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்கிறாய். தாதர் ஸ்டேஷனில் நாம் ஏறுவதற்குள் யாரெல்லாமோ சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள், அதற்காக வண்டியே வேண்டாமென்று திரும்பினோமா? வேண்டாததை ஒட்டவிடாமல் மேலே இன்னொரு பூச்சு தேடுகிறேன் என்றாயே, தேடு. உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், இல்லை என்றால் பொய். ஆனால் பக்கத்து வீட்டு ஷமீமா மகனுக்குப் போன வாரம் காய்ச்சல், ரிப்போர்ட் வரும்வரை அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவனுக்கு ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறான்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பொறுமையையும் தரட்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அந்த வெறுங்கண்ணாடியை வாப்பா தூக்கிப்போட விடவில்லை, ஷோகேஸில் அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று செய்து கொண்டுவா, பக்கத்தில் வைக்கலாம். கழுவக் கூடாது என்று இந்தத் தடவை வாப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

உன் உம்மா
மர்யம்