மலைவெடிப்புக்குக் காவல் வைத்த வோக்கிடோக்கிகள்

அனுப்புநர்:
ஆர். சின்னராசா,
தலைவர், மண்சரிவுக் கண்காணிப்புக் குழு,
இல. 7, கீழ் டிவிசன் லயம்,
ஸ்டோன்வேல் தோட்டம்,
நோட்டன் பிரிட்ஜ்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வானலை அனுமதிக் கிளை,
ஹட்டன்.

விடயம்: ஆயுத பூசைக்கு மறுநாள் கைப்பற்றப்பட்ட இரண்டு வோக்கிடோக்கிகளைச் சட்டப்படி திருத்தி, அனுமதியுடன் மீள வழங்கக் கோருதலும், அவற்றை எங்கள் தலையில் கட்டிய கடைக்காரர் மீது முறையிடுதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அடியிற் கையொப்பமிடும் நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் அறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அட்டை கடித்த காலோடு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறியவன். எதற்கும் முகம் சுளிக்காதவன் என்று தோட்டத்தில் பெயர் எடுத்தவன். அப்படிப்பட்ட எனக்கு இந்த மாதம் ஏற்பட்ட அருவருப்பு மூன்று வேளைச் சோற்றையும் தொண்டையிலேயே நிறுத்திவிட்டது. அதைத் தங்கள் மேசையில் இறக்கி வைக்க அனுமதி வேண்டுகிறேன்.

2. எங்கள் மேல் டிவிசன் மலையில் இரண்டு வருடமாக ஒரு வெடிப்பு உள்ளது. முதலில் விரல் நுழைந்தது. பிறகு கை நுழைந்தது. இப்போது அழகுமுத்துவின் ஆடு நுழைந்து, கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டால் உடரட்ட மெனிக்கே ரயிலே உள்ளே போய்த் திரும்பி வரும். அதன் நேர் கீழே எங்கள் கீழ் டிவிசனில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் இருக்கின்றன.

வெடிப்புக்குப் பக்கத்துக் கடைசி வீட்டில் இருப்பவர் கொழுந்து பறிக்கும் மீனம்மா. வாய் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் அவர் மழையை அளக்கிறார். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் கீழே சொல்ல வேண்டும். நாங்கள் சரிவுக்கு விலகிய பாடசாலை மேட்டுக்கு ஏற வேண்டும். இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. ஆனால் அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. மழை கொட்டும்போது தகரக் கூரைகள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டில் பிள்ளை பெறுவதுகூடக் கேட்காது. எனவேதான் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வோக்கிடோக்கி வாங்க முடிவு செய்தோம்.

3. வாங்குவதற்கு நானும் குழுச் செயலாளரான ஆசிரியர் கிஷாந்தும் ஹட்டன் சென்றோம். கிஷாந்த் படித்த பிள்ளை. போகும் வழியிலேயே பஸ்ஸில் கூறினார்: “மாமா, நமக்கு ஒரு சேனல் உள்ள சாதாரண செட்டு போதும். பேசறதுக்கு அனுமதி எடுக்கணும். அத மொதல்ல கேப்போம்.” கடைக்குள் நுழையும் வரை நானும் அதே கருத்துடையவனாகவே இருந்தேன்.

4. கடைக்காரரின் பெயர் விஜிதரன். அவர் ஒரு சேனல் செட்டை, செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். “இதையா அங்கிள் எடுக்கப் போறீங்க? தோட்டத்துக்கே வெக்கம்” என்றார். பிறகு எட்டுப் பேண்ட், அதாவது எட்டு அலைப்பட்டைகள், உள்ள ஒன்றைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்து, மாப்பிள்ளையை மணவறைக்குக் கொண்டுவருவதுபோல் மேசையில் வைத்தார். அதில் இருந்த எண்கள் எங்கள் தோட்டத்துத் தேயிலைச் செடிகளைவிட அதிகம். வானிலை அறிக்கை கேட்கலாம், கப்பலைக் கேட்கலாம், விமானத்தைக் கேட்கலாம் என்றார். அந்தக் கணத்தில் எனக்கு மலைவெடிப்பு மறந்துபோயிற்று. நான் நோட்டன் பிரிட்ஜில் நின்று வானத்தை விசாரிப்பது மட்டுமே கண்ணில் தெரிந்தது.

அனுமதியைப் பற்றிக் கிஷாந்த் கேட்டதற்கு, “லைசன்ஸ் எல்லாம் வாகனத்துக்குத்தான் சேர்” என்று பதில் வந்தது. தொடர்ந்து பேசினால் தானாக நிறுத்திவிடும் வசதியும் அந்தக் கருவியில் இருந்ததாம். “அது சும்மா தொல்லை” என்று எங்கள் கண் முன்னாலேயே அதை நீக்கினார். பிறகு தன் விருப்பத்துக்கு ஓர் அலைவரிசை எண்ணை அமைத்து, “இதுல ஒருத்தரும் இல்ல அங்கிள், காலி வீடு மாதிரி. தாராளமாப் பேசுங்க” என்றார். ஐயா, ஊரான் வீட்டைக் காலி வீடு என்று காட்டிச் சாவி கொடுப்பவனை என்னவென்று அழைப்பது? எனக்குத் தெரிந்த சொற்கள் எதுவும் அரசாங்கக் கடிதத்தில் எழுதத் தக்கவை அல்ல.

5. ஆயுத பூசை நாளன்று பிற்பகல், தோட்ட வழமைப்படி கோயில் முன்றலில் எல்லாக் கருவிகளும் வைக்கப்பட்டன. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, மருந்து அடிக்கும் டாங்கி, சுதாகரனின் முச்சக்கரவண்டி ஆகியவற்றுடன், மலையைக் காக்கும் கருவி என்ற மரியாதையில் எங்கள் வோக்கிடோக்கிகளும் வைக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசப்பட்டது. வோக்கிடோக்கி ஒன்றின் பேசும் பொத்தான் மீது சற்றுத் தாராளமாகவே பூசப்பட்டு, நடுவில் குங்குமப் பொட்டும் அழுத்தி வைக்கப்பட்டது. சந்தனம் வெயிலில் காய்ந்து இறுகியது. அழுந்திய பொத்தான் எழும்பவில்லை.

அதன் பின் ஒரு மணி நாற்பது நிமிடம் எங்கள் கோயில் முன்றல் முழுவதும் காற்றில் ஏறிச் சென்றது. மேளம் சென்றது. சுண்டல் பங்கீட்டில் வந்த சண்டை சென்றது. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கொழுந்து நிறுக்கும் அழகைப் பற்றிச் சுதாகரன் கூறிய விரிவான கருத்துக்கள் சென்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிபெருக்கியில் “ஸ்டோன்வேல் கீழ் டிவிசன் அருள்மிகு முத்துமாரியம்மன் ஆலயம்” என்று அறிவிக்கப்பட்டதால், எங்கள் விலாசத்தையும் நாங்களே சொல்லிக்கொடுத்தோம்.

6. மறுநாள் காலை தங்கள் உத்தியோகத்தர்கள் இருவர் ஜீப்பில் வந்தனர். மலைவெடிப்பைப் பார்க்கச் சொல்லி இரண்டு வருடத்தில் பல இடங்களுக்கும் பதினேழு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு சைக்கிள்கூட வரவில்லை. சுண்டல் சண்டைக்கு ஒரே நாளில் ஜீப் வந்தது. அந்தக் கோபத்தில் நான் ஜீப்புக்கு முன்னால் நின்று உரத்துப் பேசினேன் என்பதை மறைக்கவில்லை.

அப்போது அவர்களில் மூத்தவர் கோபப்படாமல் சொன்னார்: “பெரியவர், நீங்க பேசினது காலி எடம் இல்ல. ரோட்டுல மண் அள்ளுற ஆக்கள் பேசுற எடம்.” பொல்பிட்டிய வீதியில் விழுந்த மண்ணை மெஷின் ஒன்று அள்ளிக்கொண்டிருந்ததாம். மேட்டில் காவலுக்கு நின்றவர், மேலிருந்து கல் நகர்வதைக் கண்டு, மெஷின் ஓட்டியவருக்குச் சொல்லத் தன் கருவியை அழுத்தியிருக்கிறார். அதில் எங்கள் மேளம் மட்டுமே கேட்டிருக்கிறது. கடைசியில் கையில் அகப்பட்ட கல்லை மெஷின் கண்ணாடி மீது எறிந்துதான் ஆளை வெளியே இறக்கினாராம். இறங்கி ஓடிய பிறகு அந்த இருக்கை இருந்த இடத்தில் பாறை இருந்ததாம்.

மேலே நிற்பவர் சொல்வது கீழே நிற்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நாங்கள் வோக்கிடோக்கி வாங்கினோம், ஐயா. அதே வோக்கிடோக்கியால் இன்னொரு மலையின் வாயைப் பொத்தினோம். அன்றிலிருந்து கடைக்காரரை நினைத்து வரும் அருவருப்பு, கண்ணாடி பார்க்கும்போதும் வருகிறது. கருவியை வைத்திருக்கவும் அனுமதி வேண்டும், பேசவும் அனுமதி வேண்டும், கொடுத்த எண்ணுக்கு வெளியே போகக் கூடாது என்று அந்த உத்தியோகத்தர் சொன்னதை நான் மறு பேச்சின்றி ஏற்றுக்கொண்டேன். கருவிகளையும் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

7. இப்போது எங்கள் நிலையைக் கூறுகிறேன். கடந்த வியாழக்கிழமை பிற்பகல் போத்தலில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மீனம்மா வாசலில் நின்று தகரத்தை அடித்தார். கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும்போது மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு படி வழியாக அவரே இறங்கி வந்தார். இரண்டு இடத்தில் விழுந்து, முழங்கால் வீங்கி, முக்கால் மணித்தியாலம் கழித்து என் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் மழை விட்டிருந்தது. “மாமா, நான் வந்து சேர்றதுக்கு முந்தி மலை வந்து சேர்ந்திருக்கும்” என்றார். அவர் முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு, அன்றிரவே இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

8. ஆகையால் தங்களிடம் கோருவது: அந்த இரண்டு வோக்கிடோக்கிகளையும் தாங்களே திறந்து, மற்ற ஏழு பேண்டையும் பூட்டி, எங்களுக்கென ஒரே ஓர் எண்ணைக் கொடுத்து, கடைக்காரர் நீக்கிய தானாக நிறுத்தும் வசதியை மீண்டும் பொருத்தி, அனுமதிப் பத்திரத்துடன் தாருங்கள். அவை பூட்ட முடியாதவை என்றால் உடைத்துப் போடுங்கள். கிஷாந்த் அன்றே சொன்ன ஒரு சேனல் செட்டுக்கு அனுமதி தாருங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். மழைச் செய்தி தவிர ஒரு தும்மல்கூட அதில் போகாது என்று குழு எழுத்தில் உறுதி தருகிறது. கடைக்காரர் விஜிதரன் இன்னும் எத்தனை தோட்டங்களுக்குக் காலி வீடு காட்டியிருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். அதுவரை மீனம்மாவின் முழங்காலே எங்கள் அலைவரிசை என்பதை மனதிற்கொண்டு, கார்த்திகை மழைக்கு முன் தீர்மானிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

9. தங்கள் உத்தியோகத்தர்கள் தந்துசென்ற விசாரணைப் படிவத்தில் “சந்தனம் பூசியவர் யார்” என்ற கேள்விக்கு எங்கள் குழு “தெரியாது” என்று எழுதியிருக்கிறது. எனக்காக நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து சொன்ன பொய் அது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். தண்டனை எதுவானாலும் நான் ஏற்கிறேன். அது என்னோடு நிற்கட்டும். வோக்கிடோக்கி மட்டும் மேலே மீனம்மாவிடம் போய்ச் சேரட்டும்.

இவ்வண்ணம்,
பூசிய விரலாலேயே கையொப்பமிடும்,

ஆர். சின்னராசா

இடம்: நோட்டன் பிரிட்ஜ்
திகதி: 2024.10.29