ஏழாவது சுற்று

பக்கத்து லேத்காரர் இன்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்தார். ஆயில் நாற்றத்தையும் மீறி அந்த வாசம் வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. திங்கட்கிழமைதோறும் உன்மேல் அடித்த வாசம் அது.

நம் இருவருக்கும் ஒரே மாதத்தில்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டரம்மா சொன்னது ஒரே பேச்சு: தினமும் அரை மணி நேரம் நடங்க, போதும். பெரியநாயக்கன்பாளையத்துப் பள்ளி மைதானத்தில் அது ஆறு சுற்று. ஆனால் உனக்கு என்றைக்குத்தான் ஒரு வாரம் முழுசாக வாய்த்தது? ஷிப்ட் மாறும், மழை பிடிக்கும், ஊரில் கோயில் நோம்பி சாட்டுவார்கள். யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் உன் வாயில் "வந்தர்றேனுங்க" தவிர வேறு வார்த்தை வராது. நானும்தான் நாள் தவறினேன். அதற்காக உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

தவறியதை ஈடுகட்டக் கிளம்பினாயே, அதற்குத்தான் கோபம். கம்பெனியில் ஒரு ஷிப்ட் போனால் ஞாயிற்றுக்கிழமை டபுள் பார்த்துச் சரிக்கட்டுவோம். இருபது வருசப் பழக்கம். உடம்பையும் சூப்பர்வைசர் என்று நினைத்துவிட்டாய். "அஞ்சு நாள் போச்சு மாப்ள, ஞாயித்துக்கெழம முப்பது சுத்துப் போட்டுப்போடலாம்" என்பாய். மறுநாள் நொண்டிக்கொண்டு தைலம் மணக்க வருவாய். கால்வலியில் மூன்று நாள் நடக்க மாட்டாய். அந்த மூன்று நாளும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலையில் விழும்.

கடைசியில் தங்கச்சி மகள் கல்யாணம். தாய்மாமன் என்று மூன்று வாரம் ஓடினாய். அது முடிந்த ஞாயிறு, வெயில் ஏறியும் நீ நிறுத்தவில்லை. நடை ஓட்டமாகியிருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"போதும்டா, ஊட்டுக்குப் போலாம்."

"நீ முன்னால போ மாப்ள, நா வாரேன்."

எப்படியோ போ என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தோசையைப் பிட்டு வாயில் வைக்கும்போது போன் வந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டியவன் நான். இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

உன் வீட்டு வாசலில் போட்டிருந்த இழவுப் பந்தலில் ஒருவர் சொன்னார்: "தெனமும் நடந்த மனுசனுக்கே இப்படிங்க, நாமெல்லாம் நடந்து என்னத்துக்குங்க ஆகுது?" சட்டையைப் பிடிக்கலாம் போல வந்தது. தினமும் நடந்திருந்தால் அவன் இருந்திருப்பானுங்க என்று கத்தியேவிட்டேன். உன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அதற்கப்புறம் நான் அங்கே உட்காரவில்லை.

மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் எனக்கு இந்த வாரம் நான்கு நாள் போய்விட்டது. இன்று வேலை முடிந்து நேராக மைதானத்துக்குப் போனேன். ஆறு சுற்று நடந்தேன். முடிந்ததும், உனக்காக ஒன்று போடலாமென்று கால் தானாக அடுத்த சுற்றுக்குத் திரும்பியது. நின்றுவிட்டேன்.

உனக்காகக்கூட ஏழாவது சுற்றுப் போட மாட்டேன்டா. நாளைக்கு வந்து ஆறு நடப்பேன்.