மாற்றியவர் பெயர்: ரூபா

டாலிகஞ்ச்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ரூபாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சௌக்கியம், ஹைதராபாத்தில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் அந்த முருகன் பார்த்துக்கொள்ளட்டும். ஜுரம் விட்டதா, நாக்குக் கசப்பு போயிற்றா, ரசம் வைத்துக் குடித்தாயா இல்லை ஹோட்டல் பிரியாணியே கதியா. இங்கே நம் தீவில் மழை பிடித்துவிட்டது, அப்பா சாத்தம் ஜெட்டி டியூட்டியில் ஃபெர்ரி கூட்டத்தோடு மல்லுக்கட்டிவிட்டு நனைந்துதான் வருகிறார், குடை எடுத்துப்போகச் சொன்னால் கேட்பதில்லை.

நான் எழுத வந்தது ஹாஸ்டல் விஷயம். பத்துபஸ்தியில் எங்கள் கான்ட்ராக்டர் கட்டுகிற பெண்கள் ஹாஸ்டலுக்கு உங்கள் ஆபீஸ்தான் கம்ப்யூட்டரில் மாடல் போடுகிறது என்று தெரிந்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். ஆனாலும் இனிமேல் காகித டிராயிங் வராது, எல்லாம் டேப்லெட்டில்தான் என்றபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. இருபது வருஷமாக சைட் ஆபீசில் டிராயிங் வாங்கி வைப்பதும் கொடுப்பதும் என் வேலை. காகிதத்தில் ஒரு கோடு மாறினால் சிவப்பு மையில் வட்டமும் தேதியும் மாற்றியவர் கையெழுத்தும் இருக்கும், பழையதில் நான் ரத்து முத்திரை குத்திவிடுவேன். டேப்லெட்டில் நேற்று இருந்தது இன்று இல்லை, யார் எடுத்தார்கள் என்று என் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அக்கா என்பதற்குத் தீதி என்று என்னைக் கூப்பிடும் என்ஜினீயர் வினோத், தீதிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று சிரிப்பான். சிரிக்கட்டும் என்று முக்கியமான பக்கங்களை யாருக்கும் சொல்லாமல் பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்துக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை நம் பழனியாண்டி, கம்பி கட்டுகிறவர், டேப்லெட்டைப் பார்த்துத் தூண் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்ட ஆரம்பித்தார். தூணின் தலையிலும் அடியிலும் நாலு இஞ்சுக்கு ஒரு ரிங், நடுவில் மட்டும் ஆறு இஞ்ச். நேற்று வியாழக்கிழமை திரும்பப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஆறு இஞ்ச் என்கிறது. அக்கா, இப்படிக் கட்டினால் பூமி ஆடும்போது தூண் நிற்காதே என்று அவர் ஓடி வந்தார். என் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன், நாலுதான். வினோத் டேப்லெட்டில் எதையெதையோ தட்டினான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "தீதி, மாத்தினவங்க பேருன்னு உங்க ரூபா பேருதான் வருது. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்து" என்றான். டேப்லெட்டை வாங்கி நானே பார்த்தேன், உன் பெயர்தான்.

செவ்வாய்க்கிழமை நீ ஜுரத்தில் எழுந்திருக்கவே முடியவில்லை, லீவு போட்டிருக்கிறேன் என்றாய். அப்படியானால் ஜுரம் பொய், இல்லாவிட்டால் அந்தப் பெயர் பொய். கையால் எழுதியிருந்தால் உன் எழுத்தா இல்லையா என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன், டைப் அடித்த பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். இரண்டாயிரத்து நாலு பூகம்பத்தில் நம் வீட்டுச் சுவர் பிளந்தபோது உனக்கு நாலு வயது, உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றவள் நான். நீயா ரிங்கைக் குறைப்பாய் என்று மனசு கேட்கிறது. அதனால் வேறொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் பாஸ்வேர்டை உங்கள் ஆபீசில் இருக்கும் அந்த கௌதமிடம் கொடுத்திருக்கிறாயா? போன வருஷம் கௌதம் சார் என்றாய், தீபாவளிக்குப் பிறகு வெறும் கௌதம் ஆகிவிட்டான். இதெல்லாம் அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தாயா. அவன் யார், எப்படிப்பட்டவன் என்பதை அப்புறம் பேசலாம், ஆனால் உன் பெயரில் உட்கார்ந்து வேலை செய்ய அவனை விட்டாயா என்பது இப்போதே தெரிந்தாக வேண்டும்.

இன்று காலையில் நானே புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு ஊற்றவிருந்த கான்கிரீட்டை நிறுத்திவிட்டார்கள், உங்கள் ஆபீசுக்கும் அனுப்பியாயிற்று. மாற்றியவர் என்ற இடத்தில் உன் பெயரை நானே எழுதினேன். வினோத் நல்ல பையன், தான் கையெழுத்துப் போடுவதாகவும் நான் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நான் விடவில்லை. அந்த ஹாஸ்டலில் படுக்கப்போவதும் யாரோ பெற்ற பெண்கள்தானே. அப்பா, பெற்றவளே இப்படிச் செய்வாளா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

மத்தியானத்திலிருந்து நீ ஆறு தடவை போன் செய்துவிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபம் என்று நினைக்காதே. உன் குரலைக் கேட்டால் நீ எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேன், அந்தப் பயம்தான். இது ஸ்பீட் போஸ்டில் வந்து சேர ஒரு வாரம் ஆகலாம், அதற்குள் ஆபீசில் கேள்வி கேட்பார்கள், நடந்ததை நடந்தபடி சொல். தப்பு உன்னுடையது என்றால் ஒத்துக்கொள், நான் உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன். வேறொருவனைக் காப்பாற்ற மட்டும் உன் பெயரைக் கொடுக்காதே, அதை வைத்தவள் நான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. இதைப் படித்ததும் முதல் காரியமாகப் பாஸ்வேர்டை மாற்று. தீர்க்காயுசாக, நல்ல பெயரோடு இரு.

இப்படிக்கு,
உன் மேல் புகார் கொடுத்த,
உன் அம்மா
சந்திரமதி