ரங்கியாவிலிருந்து வந்த எரிப்பட்டு

பெரிய காஞ்சிபுரம்
12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பிய பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. பிரித்ததும் அம்மா துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவா பட்டு? மினுக்கே இல்லியே, கதர் மாதிரி இருக்குது" என்றார். பெயரைச் சொன்னேன். "எரிப்பட்டா? புதுத்துணிக்கு இன்னாமா இப்படிப் பேரு வெச்சிக்கிறாங்க!" என்றார். ஆனால் அந்தச் சால்வை ராத்திரி வரைக்கும் அவர் மடியில்தான் கிடந்தது.

போனில் எப்போது பேசினாலும் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வதால் எனக்கும் எதுவும் கேட்க வருவதில்லை. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். நீங்களும் இனிமேல் பார்சலுக்குள் ஒரு கடிதம் வைத்து அனுப்புங்கள்.

ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துத் தைத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. புடவை அவர்கள் எடுப்பது, டிசைன் அவர்கள் சொல்வது, கை மட்டும் என்னுடையது. இந்த ஊரில் யாரிடமும் இல்லாத துணி ஒன்றை வைத்து என் இஷ்டப்படி தைத்து விற்க வேண்டும். உங்களிடம் அஸ்ஸாம் பட்டைக் கேட்டது அதற்காகத்தான்.

இன்னொன்று. அண்ணனின் ரயில்வே வேலையை உங்களுக்குக் கொடுத்தபோது, கொஞ்ச நாளில் சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தோம். அண்ணன் போய் நாலு வருடமாகிறது. மனு போட்டீர்களா, இல்லையா? அம்மா உங்களைக் கேட்காமல் என்னைக் கேட்கிறார்.

உங்கள்
சத்யப்ரியா


ரங்கியா
28 ஜூன் 2024

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனேன்.

எரி என்றால் இங்கே ஆமணக்கு. ஆமணக்கு இலையைத் தின்று வளர்கிற புழு கட்டும் கூடு அது. தென்னேரியில் எங்கள் வீட்டு வரப்போரம் தானாக முளைத்துக் கிடக்குமே, அதே ஆமணக்குதான். அதிலிருந்து பட்டு வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மினுக்கு இல்லை என்று அம்மா சொன்னது சரிதான். ஆனால் துவைக்கத் துவைக்க மெதுவாகும். குளிருக்கு அதைப் போர்த்தினால் வேறு எதுவும் வேண்டாம்.

துணி நெய்வது நிரூபமா பாய்தேவ். பாய்தேவ் என்றால் அக்கா. இங்கிருந்து பஸ்ஸில் போனால் வருகிற ஒரு போரோ பழங்குடிக் கிராமம் அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருப்பேன். ஆபீசில் என்னை 'மதராஸி மேடம்' என்கிறார்கள், அங்கே போனால் இளவரசி என்கிறார்கள். சொல்ல வரவில்லை, 'இலபோரசி' என்று வரும். ஆனாலும் என் பெயர்தானே. பாய்தேவின் தம்பி ஹிரேன் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கும் பாய்தேவுக்கும் நடுவில் இங்கிலீஷில் மொழிபெயர்ப்பவர் அவர்தான்.

மனு இன்னும் போடவில்லை. ஆபீசில் ஆள் குறைவு. பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்
உன் அண்ணி
இளவரசி


பெரிய காஞ்சிபுரம்
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் அழுகிற கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் உங்கள் எரியைக் கடை வாசலில் தொங்கவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள், ஒருத்தரும் வாங்கவில்லை. "காஞ்சிபுரத்துல வந்து அஸ்ஸாம் பட்டு வாங்கறதா?" என்று ஒரு பெண் சிரித்துவிட்டே போனாள். எதிர்க்கடை காசிநாதன், "வேற ஊர் சரக்க வெச்சிக்கினு நீ ஏம்மா கஷ்டப்படற?" என்றார். பாவப்பட்டுச் சொன்னாரா, சந்தோஷப்பட்டுச் சொன்னாரா தெரியவில்லை.

இனிமேல் சிரிக்கிற கதை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிற ரேவதி, ஜாக்கெட் வாங்க வந்தாள். காத்திருந்த நேரத்தில் எரித்துண்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அக்கா, எங்க ஆபீஸ்ல ஏசி எப்படி இருக்கும் தெரியுமா? மே மாசத்துலகூட எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கினு உக்காந்திருப்போம். புடவை கட்டினா அதுமேல ஸ்வெட்டர், பாக்கவே சகிக்காது. இதுல ஒரு ஷ்ரக் தைச்சிக் குடுங்களேன்" என்றாள்.

ஷ்ரக் என்றால் முன்னால் பட்டன் இல்லாத மேல்சட்டை, அண்ணி. புடவைமேலும் போடலாம், சுடிதார்மேலும் போடலாம். கழுத்தோரம் மட்டும் ஆரி வேலை செய்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு போனாள். அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராகக் கடைக்கே வந்து இறங்கினார்கள், அவளோடு வேலை செய்கிறவர்கள்! வெயில் ஊரில் குளிர்த்துணி விற்பேன் என்று கனவுகூடக் கண்டதில்லை. தையலுக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கிறேன். துணி உடனே வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஸுபத்ரா மாமி வந்தார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். புழுவைக் கொதிக்கவைத்து எடுப்பதால் பட்டையே விட்டுவிட்டவர். எரிக்கூட்டில் வாய் திறந்தே இருக்கும், பூச்சி தானாக வெளியே போனபிறகுதான் நூற்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். தை மாதம் மகன் ஸ்ரீவர்தனுக்குக் கல்யாணம். அதற்குக் கட்ட ஒன்பது கஜம் எரியில் வேண்டுமாம். நான் உடனே சரி என்றுவிட்டேன். 'உயிர் கொல்லாத பட்டு' என்று கடை வாசலில் பலகையும் மாட்டிவிட்டேன். எப்படி என் மூளை!

உங்கள்
சத்யா


ரங்கியா
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சத்யாவுக்கு,

துணி அனுப்பியிருக்கிறேன். ஷ்ரக் படத்தைப் பாய்தேவிடம் காட்டினேன். அடுத்த வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டார். தான் நெய்ததை யாரோ முன்பின் தெரியாதவள் ஆபீசுக்குப் போட்டுப் போகிறாள் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் அந்தப் பலகையை இன்றைக்கே எடுத்துவிடு, சத்யா.

கூடு வாய் திறந்திருக்கும் என்பது உண்மை. பூச்சி போனபிறகும் நூற்கலாம் என்பதும் உண்மை. ஆனால் இந்த ஊரில் அதுவரைக்கும் காத்திருப்பதில்லை. கூட்டுப்புழுவை வெளியே எடுத்து வறுத்துச் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் நெத்திலி வறுப்பது மாதிரிதான். விருந்தாளி வந்தால் முதலில் வைப்பது அதுதான். நானும் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். அவர்களுக்கு நூலும் அதுவும் ஒரே விளைச்சல். அதில் நான் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நீ மாமியிடம் சொன்னது பொய்யாகிவிடுகிறதே.

இதை எழுதலாமா வேண்டாமா என்று தவித்தேன். நல்ல வியாபாரத்தை நானே கெடுக்கிறேனோ என்றிருந்தது. ஹிரேன்தான், "உங்க தங்கச்சிக்கு இது வேற யார் மூலமாவோ தெரிஞ்சா அப்புறம் உங்க துணியத் தொடுவாங்களா?" என்று கேட்டார். நாத்தனார் என்று சொல்லிக் கொடுத்தாலும் அவருக்கு நீ தங்கச்சிதான்.

அன்புடன்
உன் அண்ணி


பெரிய காஞ்சிபுரம்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். பலகையைக் கழற்றும்போது காசிநாதன் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னாமா, அதுக்குள்ள கழட்டிட்ட?" என்றார். "தப்பா எழுதிட்டேன்ணா" என்றேன்.

பிறகு மாமி வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். அதை ஆற்றி ஆற்றியே நேரத்தைக் கடத்தினேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். வறுக்கிறதையும் சொன்னேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?" என்றார்.

"தெரிஞ்சிருக்காது மாமி. கட்டிண்டு மணையில உக்காந்திருப்பீங்க. எனக்குத்தான் அங்க வந்து சாப்பாடு எறங்கியிருக்காது."

பயத்தில் நானும் அவர் மாதிரியே 'கட்டிண்டு' என்று பேசிவிட்டேன். அதற்கு அவர் சிரித்துவிட்டார். "கல்யாணம் தையிலதானே. பூச்சி பறந்து போற வரைக்கும் நான் காத்துண்டிருக்கேன். ஆனா நெஜமாவே பறக்கணும். நீ சொன்னா நம்பறேன்" என்றார்.

முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். தனியாகக் கூட்டை விட்டுவைத்து நூற்றால் எவ்வளவு கூடக் கேட்டாலும் மாமிக்குச் சம்மதம். எனக்கும் கடையில் இரண்டையும் தனித்தனியாக, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்க ஆசை.

நீங்கள் வறுத்த புழு சாப்பிட்ட விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்புறம், போனில் நீங்கள் பேசுவதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹிரேன் பஸ் ஏற்றிவிட்டார், ஹிரேன் போஸ்ட் ஆபீஸ் போனார், ஹிரேன் சொன்னார். மனு போடாததற்கு ஆபீசில் ஆள் குறைவு மட்டும்தான் காரணமா, அண்ணி?

சத்யா


ரங்கியா
18 அக்டோபர் 2024

அன்புள்ள சத்யாவுக்கு,

முதலில் மாமி விஷயம். பாய்தேவ் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. "எங்கியோ இருக்கற ஒரு அம்மாவுக்காக நாங்க எங்க சாப்பாட்ட விடணுமா?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் கூடு வைக்கிற மூங்கில் தட்டுகளில் சிலதை மட்டும் காஞ்சிபுரத்துக்கு என்று ஒதுக்குவது, மற்றதெல்லாம் அவர்கள் வழக்கப்படி என்று முடிவாயிற்று. தட்டுகளைப் பார்க்க நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பூச்சிகள் ஈரச் சிறகோடு வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உலர்கின்றன. அவசரமே இல்லை. மாமியிடம் சொல், நான் கண்ணால் பார்த்தேன் என்று.

இப்போது நீ கேட்டது. ஆள் குறைவு மட்டும் காரணமில்லை.

ஹிரேன் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். எனக்கும் விருப்பம். மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பாய்தேவ் சொல்கிறார். தென்னேரிக்குப் போன் செய்து என் அண்ணன்களிடம் சொன்னேன். பெரியவர் பாதியில் வைத்துவிட்டார். சின்னவர் எடுக்கவே இல்லை.

உன் அண்ணனோடு வாழ்ந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சத்யா. அதனால்தானோ என்னவோ, இன்னொரு தடவை வாழப் பயமில்லாமல் இருக்கிறது. ஹிரேன் வீட்டுக்குப் போனாலும் கலைவாணனைப் பற்றித்தான் பாதி நேரம் பேசுகிறேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. இதற்குப் பிறகு 'உன் அண்ணி' என்று கையெழுத்துப் போட எனக்கு உரிமை இருக்கிறதா? அதனால் பெயரை மட்டும் எழுதுகிறேன்.

இளவரசி


ரங்கியா
2 டிசம்பர் 2024

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் பதில் வரவில்லை. போனும் இல்லை. நானாகக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

மாமியின் ஒன்பது கஜம் இதோடு வருகிறது. முழுக்க முழுக்கப் பூச்சி பறந்துபோன கூட்டு நூல். சாயம் போடாத பால் நிறம், கரையில் மட்டும் பாய்தேவின் கைவேலை.

என் முடிவுக்காகக் கடையை நிறுத்திவிடாதே. என்னோடு பேச விருப்பமில்லை என்றால் பாய்தேவே உனக்கு நேராக அனுப்புவார். பார்சலில் என் பெயர் இருக்காது. இந்தத் துணியை நீ விற்கிற அழகுக்கு வியாபாரம் நிற்கக் கூடாது.

இளவரசி


பெரிய காஞ்சிபுரம்
16 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மேலே எப்படிக் கூப்பிட்டிருக்கிறேன் என்று பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் கேட்டதற்கு அதுதான் பதில். இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாளாகியிருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

கோபமில்லை, அண்ணி. பயம். நீங்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டால் அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயம். அம்மாவிடம் பேசினால் அழுவார். மற்றவர்களுக்கெல்லாம் அவன் செத்துப்போன ஒரு ஆள். அவன் தலை வாராமல் ஆபீசுக்குக் கிளம்புவதும் சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு வருவதும் உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம், நீங்கள் ஹிரேனிடமும் அவனைப் பற்றிப் பேசுவதாக எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் அண்ணன் பெயரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிற ஒரு மனிதரை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

புடவையை மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீ சொல்லு" என்றார். "எங்க அண்ணி கண்ணால பாத்தாங்க மாமி, எல்லாம் பறந்துடுச்சி" என்றேன். அங்கேயே தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடி பார்த்தார். நான் கிளம்பும்வரைக்கும் வெளியே வரவில்லை. அவருடைய உறவுக்காரர்கள் இரண்டு பேர் இப்போது பூச்சி பறந்த துணியே வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஷ்ரக் பக்கம் கேட்கவே வேண்டாம். பெங்களூரில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு பெண் வந்து பார்த்துவிட்டு, மாதிரி கேட்டிருக்கிறாள். பாய்தேவோடு உட்கார்ந்து பேச வேண்டும். எவ்வளவு நெய்ய முடியும், என்ன நிறம், என்ன விலை என்று எல்லாம். அதற்கு நானே அங்கே வருகிறேன். உங்கள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால். டிக்கெட் போட்டாயிற்று.

ஒன்றல்ல, இரண்டு டிக்கெட். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்வதை அப்படியே எழுது என்கிறார். எழுதுகிறேன்.

"எம்மா இளவரசி, நான்தாமா, செல்லியம்மா. இவ சொன்னதும் எனக்குப் பகீர்னுதான் இருந்திச்சி. மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. ரெண்டு நாளா என் புள்ள போட்டோவப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன். அவன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நாங்க ரயிலேறி வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. அவன் கைய புடிச்சிக்கினு இருந்தவ நீ ஒருத்திதான். அந்த மொகம் தெரியாத ஊர்ல நீ தனியாவே இருக்கணும்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அந்தப் புள்ள குடிக்குமா? கேக்கக் கூடாதுன்றா சத்யா. நான் கேப்பேன். உன் அண்ணனுங்க வரலன்னா போவட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க யாருன்னு அங்க யாராச்சும் கேட்டாங்கன்னா எங்கள கைகாட்டு. மொகூர்த்தப் பொடவை நம்ம ஊருதுதான் கட்டணும், அரக்கு கலர்ல எடுத்து வெச்சிட்டேன். ஜாக்கெட்டுக்கு அளவு எழுதி அனுப்பு. நீ எளச்சிட்டியா இன்னான்னு தெரியல."

அளவைச் சீக்கிரம் அனுப்புங்கள், அண்ணி. நானே தைக்கிறேன்.

உங்கள்
சத்யா